முதலில் எழுதிய கண்

எனக்கு எழுபத்தெட்டு வயது ஆகிறது. பெற்றது நான்கு, வளர்த்தது ஐந்து. நான் பெறாத அந்த மூத்த பெண்ணிடமிருந்து அவளுடைய தாயின் கண்களைத் திருடிக்கொண்டேன்.

திருடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். வேறு சொல் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. செத்துப்போன ஒருத்தியின் பார்வையை, அதை நினைவில் வைத்திருந்த ஒரே குழந்தையின் மனத்திலிருந்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் என் பார்வையை வைத்தேன். அறியாமல் செய்யவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, கை நடுங்காமல் செய்தேன்.

இதைப் படிக்கிற நீங்கள் யாரோ எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் என்னைப் பற்றி நல்லபடியாகத்தான் சொல்லுவார்கள். மூத்தாள் பிள்ளையைத் தன் பிள்ளை போல வளர்த்தவள் என்று ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவில் எனக்குப் பெயர். அந்தப் பெயரை வேண்டாமென்று ஒரு நாளும் சொன்னதில்லை. கேட்கக் கேட்க நன்றாகவே இருந்தது...

எழுத்து எனக்குச் சரளமாக வராது. பள்ளிக்கூடம் போனதில்லை. என் அப்பா கண்ணாடிப் படம் எழுதுகிறவர். திருச்சிராப்பள்ளியில் சின்னக்கடைத் தெருவுக்குப் பின்னால் எங்கள் வீடு. கண்ணாடியின் பின்பக்கத்தில் வண்ணம் வைத்து, முன்பக்கத்திலிருந்து பார்க்கிற படம் அது. ஆகவே எல்லாவற்றையும் இடவலம் மாற்றித்தான் எழுத வேண்டும். படத்தின் அடியில் சாமி பெயர் வைப்பதற்காக நான் எழுத்துக் கற்றேன். திருப்பித்தான் கற்றேன். முதன்முதலில் ஒரு கடைப் பலகையில் நேரான எழுத்துகளைப் பார்த்தபோது, யாரோ தெரியாதவன் தப்பும் தவறுமாக எழுதியிருக்கிறான் என்றுதான் நினைத்தேன்.

எங்கள் வீட்டில் படத்தை வரைவது என்று சொல்ல மாட்டோம். எழுதுவது என்போம். அந்தக் கணக்கில் நான் நன்றாக எழுதத் தெரிந்தவள். படிக்கத்தான் தடுமாறுகிறவள். இதைக் கர்வமாகவே சொல்கிறேன்.

கண்ணாடி வேலையைப் பற்றி உங்களுக்குக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் நான் செய்தது உங்களுக்கு விளங்காது.

பலகையிலும் துணியிலும் எழுதுகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. முதலில் பின்னணி, பிறகு உடம்பு, பிறகு உடுப்பு, நகை. எல்லாம் முடிந்த பிறகு நல்ல நாள் பார்த்து, குளித்துவிட்டு வந்து, கடைசியில் கண்ணைத் திறப்பார்கள். அதுவரைக்கும் அது வெறும் பலகைதான். கண் சரியாக அமையவில்லை என்றால் அதன் மேலேயே வண்ணம் வைத்துத் திருத்திக்கொள்ளலாம். தப்பு அடியில் போய்விடும், திருத்தம் மேலே நிற்கும்.

கண்ணாடியில் எல்லாம் நேர்மாறு. எது முன்னால் தெரிய வேண்டுமோ அதை முதலில் எழுத வேண்டும். நாங்கள் முதலில் வைப்பது கண்மணியில் மினுக்குகிற அந்த வெள்ளைப் புள்ளியை. அணில் வால் மயிரில் கட்டிய தூரிகையால், வெறும் கண்ணாடியின் மேல் ஒரே ஒரு புள்ளி. அதன் மேல் கறுப்பு. அதன் மேல் விழியின் வெள்ளை. இமை, புருவம், உதடு. அதற்கெல்லாம் மேலே முகத்தின் சதை நிறத்தைப் பூசி மூடிவிட வேண்டும். சேலையும் மாடமும் மேகமும் கடைசியில்.

முதலில் வைத்தது தப்பென்றால் தப்புதான். பிறகு எத்தனை தடவை திருத்தினாலும் திருத்தம் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். தப்பு மட்டும் முன்னால் நின்று ஊரைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

முகமில்லாமல், தலையில்லாமல், கண் மட்டும் விழித்துக்கொண்டு கிடப்பதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பிறந்ததிலிருந்து பார்த்தேன். எங்கள் வீட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அப்படி ஒரு ஜோடி காய்ந்துகொண்டிருக்கும்.

அப்பாவுக்கே அதில் பயம் இருந்தது. கண் எழுதிக் காய்ந்தவுடன், கண்ணாடியின் முன்பக்கத்தில் மஞ்சள் தடவிய தாள் துண்டு ஒன்றை அந்தக் கண்களை மறைத்து ஒட்டிவிடுவார். படம் முழுதும் முடிந்து கற்பூரம் காட்டிய பிறகுதான் அதை நனைத்து உரிப்பார். எங்களுக்கு அதுதான் கண் திறப்பு. "ஒடம்பு உருவாகுறதுக்கு முன்னால கண்ணு எதையும் பாத்துடக் கூடாது" என்பார். பார்த்தால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்...

எனக்குக் கல்யாணம் தள்ளிக்கொண்டே போயிற்று. என் இடது கண்ணின் இமை சற்றுத் தாழ்ந்திருக்கும். பெண் பார்க்க வந்தவர்கள் அதைத் 'தூங்கு கண்' என்றார்கள். வீட்டுக்கு ஆகாது என்றார்கள். சொல்லிவிட்டுச் சொஜ்ஜியையும் தின்றுவிட்டுப் போனார்கள். கடைசியில் என்னை இரண்டாம் தாரமாகக் கேட்டு அவர் வந்தார். ஸ்ரீரங்கத்தில் மொட்டைக் கோபுரத்துக்குப் பக்கத்தில் படங்களுக்குச் சட்டம் போட்டு விற்கிற கடை வைத்திருந்தார். அப்பாவிடம் கண்ணாடிப் படம் வாங்க வந்து போனவர்தான். காவிரியும் கொள்ளிடமும் சேர்ந்து புரண்ட அந்தப் பெருவெள்ளத்துக்குப் பிறகு வந்த காய்ச்சலில் முதல் மனைவி செங்கமலம் போய்விட்டாள். நான்கு வயதுப் பெண் குழந்தை ஒன்று. பெயர் ரங்கநாயகி. நாயகி என்று கூப்பிடுவோம்.

வீட்டில் மாமியார் இருந்தார். கெட்டவர் இல்லை. கண்ணில் புரை விழுந்து, கூனிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து நடப்பார். ஆனால் நாக்குக்குப் புரை விழவில்லை.

"அவ கண்ணாலயே பேசுவாடி. எனக்குத் தண்ணி வேணும்னா நான் வாயத் தொறக்கறதுக்கு முன்னால செம்பு வந்துடும். உனக்குத்தான் வாய் இருக்கே, வடக்கு வாசல் வரைக்கும் கேக்குது."

செங்கமலத்தின் சமையலைச் சொல்லியிருந்தால் பொறுத்திருப்பேன். நிறத்தைச் சொல்லியிருந்தாலும் பொறுத்திருப்பேன். கண்ணைச் சொன்னார்கள். தெருவில் எல்லாரும் கண்ணைத்தான் சொன்னார்கள்.

ஒரு நாள் மாமியார் என்னைக் கூப்பிட்டார்.

"அலமு, செங்கமலத்துக்கு ஒரு படம் எழுதிக் குடுடி. வெள்ளிக்கெழம மூத்தாளுக்குப் பொடவ வெச்சுக் கும்புடுறோம், வெறும் செவுத்தையா கும்புடுறது? புள்ள வேற தூக்கத்துல அலறுது. ஆத்தா மொகத்தப் பாத்துக்கிட்டிருந்தா அடங்கும்."

"போட்டோ ஏதாவது இருந்தா குடுங்கத்தை."

"போட்டோ புடிச்சா ஆயுசு கொறையும்னு அவ ஒத்துக்கவே இல்ல. புடிக்காமலே கொறஞ்சு போச்சு."

"அப்ப கண்ணு எப்படி இருக்கும்னு சொல்லுங்க."

"எப்படின்னா... கண்ணுதான். பாத்தா பசி அடங்கிடும்." இதை வைத்துக்கொண்டு ஒருத்தி என்ன எழுதுவாள்? பக்கத்தில் நின்ற நாயகிதான் சொன்னாள்: "அம்மா சிரிச்சா கண்ணு காணாமப் போயிடும்."

முதலில் தாளில் எழுதிக்கொள்வது வழக்கம். அந்தத் தாளைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துத்தான் மேலே வண்ணம் வைப்போம். தாளில் நான் யோக்கியமாகத்தான் எழுதினேன். தாள் என்றால் அழிக்கலாம், மறுபடி எழுதலாம். குழந்தை சொன்னதையும் கிழவி சொன்னதையும் கேட்டுக் கேட்டு, அழித்து அழித்து எழுதினேன். நீண்ட கண்கள். ஓரத்தில் மடிப்பு. இப்போதுதான் சிரித்து முடித்தவை போல. மாமியார் அதை மூக்குக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். "இதாண்டி... இதேதாண்டி" என்று அழுதார். நாயகி தாளின் மேல் விரலை வைத்து, "அம்மா" என்றாள்.

அத்தோடு நின்றிருந்தால் நான் இன்றைக்கு இதை எழுத வேண்டியதில்லை.

அன்று மத்தியானம் அவர் சாப்பிட வந்தார். பாதி சாப்பாட்டில், தலையைத் தூக்காமல், "செங்கமலம், தண்ணி" என்றார்.

சொன்னது அவருக்கே தெரியவில்லை. மாமியாருக்குத் தெரிந்தது. நான் செம்பைக் கொண்டுபோய் வைத்தேன். குடித்துவிட்டுக் கடைக்குப் போனார். நான் பின்கட்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன்.

தாளின் மேல் கண்ணாடியை வைத்தேன். வெள்ளையைக் குழைத்தேன். தூரிகையைத் தோய்த்துக் கண்ணாடிக்கு அருகில் கொண்டுபோனேன். கை இறங்கவில்லை. இந்தக் கண் இனி இந்த வீட்டின் கூடத்தில் இருந்துகொண்டு அவரைப் பார்க்கும். நான் செத்த பிறகும் பார்க்கும். ஊரே இதைப் பார்த்து, என்ன கண்ணடி என்று சொல்லும். எழுதினவளுக்கு இருப்பதைத் தூங்கு கண் என்று சொல்லும்...

தாளை உருவி எடுத்தேன். எதிரே என் முகம் பார்க்கிற கண்ணாடியை நிமிர்த்தி வைத்தேன். என் கண்களை எழுதினேன்.

நாங்கள் இரண்டுக்கும் கண்ணாடி என்றே சொல்கிறோம், பாருங்கள். முகம் பார்ப்பதற்கும் கண்ணாடி, படம் எழுதுவதற்கும் கண்ணாடி. முகம் பார்க்கிற கண்ணாடி ஆளைத் திருப்பிக் காட்டுகிறது. படக் கண்ணாடி அதை மறுபடி திருப்புகிறது. இரண்டு தடவை திரும்பியதில் நேராகிவிடுகிறது. ஊரார் என்னை எப்படிப் பார்த்தார்களோ, அச்சு அசலாக அப்படி வந்தது. தாழ்ந்த இமைகூடப் படத்திலிருப்பவளின் இடது கண்ணுக்கே வந்தது. நானே அதுவரை என்னை அப்படிப் பார்த்ததில்லை.

மஞ்சள் தாள் ஒட்டவில்லை. ஒட்டினால் மறைந்துவிடும். எனக்கு அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது.

மாமியார் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார். சுவரோரம் சாய்த்து வைத்திருந்ததன் எதிரே குனிந்தார்.

"என்னடி இது, மூஞ்சியக் காணோம், கண்ணு மட்டும் என்னப் பாக்குது?"

"இப்படித்தான் அத்தை எழுதணும். மூஞ்சி அப்புறம் வரும்."

"வரட்டும். அதுவரைக்கும் ஒரு துணியப் போட்டு மூடு. எனக்கென்னவோ உள்ள ஆளு நிக்கிற மாதிரி இருக்கு."

மூடவில்லை. தாளில் இருந்த செங்கமலத்தின் மூக்கையும் வாயையும் கன்னத்தையும் ஒழுங்காக அப்படியே எழுதினேன். கண் மட்டும் என்னுடையது. சதை நிறம் பூசினேன், சேலை கட்டினேன், மாடம் வைத்தேன். அந்தத் தாளை அடுப்பில் போட்டேன்.

அவர் சட்டம் போட்டு, பின்னால் பலகை அடித்து, கூடத்தில் மாட்டினார். கண்டுபிடித்துவிடுவார், அடிப்பார் என்று நினைத்தேன். அவர் வெகுநேரம் பார்த்தார். "அவ மாதிரியேதான் இருக்கு" என்று சொல்லிக் கை கூப்பினார்.

ஜெயித்துவிட்டேன் என்று ஒரு கணம். அடுத்த கணம் வேறொன்று தோன்றியது. இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. கட்டின பெண்டாட்டியின் கண் ஒரு மனுஷனுக்கு இவ்வளவு சீக்கிரம் மறந்துபோகுமா? நாளைக்கு என் கண்ணும் இப்படித்தானே?

மாமியாரும் "செங்கமலம்தான்" என்றார். குழந்தை மட்டும் பார்த்துவிட்டு, "இது யாரு சித்தி?" என்றது.

"உங்கம்மாடி."

"எங்கம்மா கண்ணு இப்படி இல்ல."

"பெரியவங்களுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சுடுச்சோ?" என்று பாட்டி அதட்டினார். "கும்புட்டுக்கோ."

கும்பிட்டது. அந்த வீட்டில் உண்மை சொன்ன ஒரே ஆள் அந்தக் குழந்தை. அவளை நாங்கள் எல்லாரும் சேர்ந்து திருத்தினோம். தினமும் விளக்கேற்றி, கை கூப்ப வைத்து, அம்மா, அம்மா என்று சொல்லிச் சொல்லித் திருத்தினோம்.

அப்பா ஒரு தடவை குதிரை வண்டி வைத்துக்கொண்டு என்னைப் பார்க்க வந்தார். கூடத்தில் நுழைந்தவர் அப்படியே நின்றார். படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"மஞ்சத் தாள் ஒட்டுனியா, அலமு?"

"இல்லப்பா."

"கண்ணு நல்லா வந்திருக்கு. என் கையில இப்படி வந்ததில்ல." தோளில் இருந்த துண்டை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டார். "இனிமே நீ மொகம் எழுதாத."

மாமியார் மோர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் வாங்கவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டுப் படியை அவர் மிதிக்கவும் இல்லை.

நானும் முகம் எழுதுவதை விட்டேன். கடைக்குக் கொடியும் பூவும் ஓரப் பட்டையும் எழுதிக் கொடுத்தேன். ஆனால் அப்பா சொன்னது உண்மை. அதைப் போல ஒரு கண் அவருக்கும் வந்ததில்லை, எனக்கும் வந்ததில்லை. இப்போதும் அந்தக் கர்வம் போகவில்லை. இதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பிறகு ஒன்று கவனித்தேன். அந்தப் படம் என்னைப் பார்க்காது. எதிரே எங்கே நின்றாலும் அந்தக் கண்கள் என் தோளுக்குப் பின்னால் எதையோ பார்க்கும். என் கண்களே என்னைத் தாண்டிப் பார்க்கும். திரும்பிப் பார்ப்பேன். வெறும் சுவர். அந்தச் சுவரில்தான் தடம் பார்த்தேன்.

சுண்ணாம்பு அடித்த சுவரில், உள்ளங்கையால் தடவிக்கொண்டே போனால் எப்படித் தேயுமோ அப்படி ஒரு பட்டை. கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும். மாமியாரின் கை என்று துடைத்துவிட்டுப் போயிருப்பேன். மாமியார் கூனி நடப்பவர். அவர் கைத்தடம் இடுப்பு உயரத்தில் தனியாக இருந்தது. இது என் தோள் உயரத்தில் இருந்தது.

நான் சுவரைப் பிடித்து நடக்கிறவள் இல்லை...

ஒரு மத்தியானம் நாயகிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். வெயில் முற்றத்தில் கொட்டிக் கிடந்தது. அவள் சாதாரணமாகச் சொன்னாள்.

"அம்மா வந்தா சித்தி."

"கனவுலயா?"

"ம்."

"என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. கண்ணு இல்ல. இங்க வழவழன்னு இருந்துச்சு." தன் இரண்டு கண்களையும் மூடி, மேலே விரலால் தடவிக் காட்டினாள். "செவுத்தத் தடவிக்கிட்டே போனா. எங்க வெச்சேன், எங்க வெச்சேன்னு தேடுறா."

பின்னலை எப்படி முடித்தேன் என்று எனக்கு நினைவில்லை.

அவளைப் பக்கத்து வீட்டுக்கு விளையாட அனுப்பினேன். மாமியார் உறங்கிக்கொண்டிருந்தார். படத்தை இறக்கிப் பின்கட்டுக்குக் கொண்டுபோய், முகம் கீழே இருக்கும்படி கிடத்தி, ஆணியைப் பிடுங்கிப் பலகையை எடுத்தேன்.

நீங்கள் கண்ணாடிப் படத்தின் பின்பக்கத்தைப் பார்த்திருக்க மாட்டீர்கள். எழுதுகிறவர்களைத் தவிர யாரும் பார்ப்பதில்லை. கண்ணின் மேல் சதை நிறம் பூசி மூடிவிடுகிறோம் அல்லவா? பின்னாலிருந்து பார்த்தால் அந்த முகத்தில் கண் கிடையாது. நெற்றியிலிருந்து கன்னம் வரைக்கும் வழவழவென்று ஒரே சதை.

எத்தனையோ படங்களில் அதைப் பார்த்திருக்கிறேன். அதுவரை பயந்ததில்லை. நான் எழுதும்போது இந்தக் குழந்தை எட்டிப் பார்த்திருப்பாளோ? கதவைச் சாத்தியிருந்தேனே. மாமியார் ஒரு தடவை தள்ளித் திறந்தாரே, அப்போது பின்னால் நின்றிருப்பாளோ? அப்போது வெறும் கண்தான் இருந்தது, சதை பூசவில்லையே... இத்தனை வருஷமாக இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

சுரண்டி எடுத்துவிடலாம் என்று கத்தியை எடுத்தேன். ஆனால் கண் எங்கே இருக்கிறது? எல்லாவற்றுக்கும் அடியில், கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு இருக்கிறது. அதை எட்ட வேண்டுமானால் முகம் முழுவதையும் உரிக்க வேண்டும். சரி, உரித்தேன் என்றே வையுங்கள். பிறகு எதை எழுதுவேன்? தாள் சாம்பலாகிப் பாத்திரம் துலக்கியும் ஆயிற்று. என் கையே எழுதியதுதான், கைக்கு அது மறந்துபோயிருந்தது. எழுதிப் பார்த்த தாளில் எல்லாம் இமை தாழ்ந்து தாழ்ந்து வந்தது.

பலகையை அப்படியே வைத்துப் படத்தைக் கூடத்தில் மாட்டிவிட்டு, மாமியாரை எழுப்பிக் கேட்டேன். "செங்கமலத்துக்குக் கண்ணு எப்படி அத்தை இருக்கும்?"

"அதான் படத்துல இருக்கே. போய்ப் பாத்துக்கோ."

அவரிடம் கேட்டேன். அவரும் கூடத்தைக் காட்டினார். கடைசியில் நாயகியை மடியில் உட்காரவைத்துக் கேட்டேன். "உங்கம்மா கண்ணு முன்னாடி ஒரு நாள் சொன்னியே, எப்படி இருக்கும்னு?" அவள் யோசித்தாள். பிறகு என் கண்ணைக் காட்டினாள். படத்தில் இருக்கிற என் கண்ணை. "இப்படித்தான் சித்தி."

செத்துப்போனவளுக்குக் கண் எங்கே கிடைக்கும்? உலகத்தில் யாரிடமும் இல்லை.

வேறு வழி தெரியாமல், படத்தை மறுபடி இறக்கி ஒரு காரியம் செய்தேன். பின்பக்கத்தில், அந்த வழவழப்பான சதையின் மேலேயே இரண்டு கண்கள் எழுதினேன். அந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பதற்கு. வெள்ளை, அதன் மேல் கறுப்பு, எல்லாவற்றுக்கும் கடைசியில் அந்த ஒளிப்புள்ளி. பலகைக்காரர்கள் செய்வது போல, கண்ணைக் கடைசியில் திறந்தேன். என் ஆயுளில் அந்த ஒரு தடவைதான். அகலமாக, இமைக்காமல் விழித்துக்கொண்டு வந்தன. அவை என்னுடையவை அல்ல. செங்கமலத்தினுடையவையும் அல்ல. யாருடைய கண்கள் என்று எனக்குத் தெரியாது. காயும் வரைக்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பலகையை வைத்து ஆணி அடித்து, பழைய இடத்தில் மாட்டினேன்.

அதற்குப் பிறகு நாயகிக்குக் கனவு வரவில்லை. சுவரில் தடமும் விழவில்லை. பார்வை கிடைத்து வழி தெரிந்து போய்விட்டாளா, அல்லது நடக்க வேண்டிய அவசியம் இல்லாமல் பலகைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருக்கிறாளா?

நான் நான்கு பெற்றேன். நாயகியை எந்தக் குறையும் இல்லாமல் வளர்த்தேன். அவள் என்னை ஒரு நாளும் அம்மா என்று கூப்பிட்டதில்லை. சித்திதான். ஆனால் தினமும் காலையில் குளித்துவிட்டு வந்து, என் கண்களைப் பார்த்து, "அம்மா, போயிட்டு வரேன்" என்பாள். அவளுக்குக் காய்ச்சல் வந்தால் விடிய விடிய விழித்திருப்பது நான். கண்ணைத் திறந்ததும் அவள் பார்ப்பது படத்தை. செங்கமலத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்ட நான், பிறகு என் கண்களையே பார்த்துப் பொறாமைப்பட்டேன். சிரிப்பாக இல்லை?

உலகச் சண்டை நடந்த காலத்தில் அவளுக்குத் துறையூரில் கல்யாணம் செய்து கொடுத்தோம். பெண்ணழைப்புக்கு முன்னால் படத்தின் எதிரே விழுந்து கும்பிட்டாள். பிறகு எனக்கும். அவளுடைய சிநேகிதி ஒருத்தி காதில் ஏதோ சொன்னாள். மாப்பிள்ளையின் காதைப் பற்றி ஏதோ கேலி என்று நினைக்கிறேன். நாயகி வாய்விட்டுச் சிரித்தாள்.

கண் காணாமல் போயிற்று.

நீண்ட கண்கள், ஓரத்தில் மடிப்பு... நான் அடுப்பில் போட்ட தாள் அங்கே மணையில் உட்கார்ந்திருந்தது. யாரிடமும் இல்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்த கண்கள், எனக்கு எதிரே சோறு தின்று வளர்ந்திருக்கின்றன. நான் பார்க்கவில்லை. எப்படிப் பார்ப்பேன்? அதுவரைக்கும் அவள் என் எதிரே அப்படிச் சிரித்ததில்லை. சிரிக்கும்படி நான் எதுவும் செய்ததில்லை என்பதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். கல்யாண வீடு, வேண்டாம் என்றது மனசு. பிறகு அவள் கர்ப்பம், வேண்டாம். பிறகு அவர் போனார், வேண்டாம். ஒவ்வொன்றாகப் பூசிக்கொண்டே வந்தேன். படம் அவளோடு துறையூர் போயிற்று.

முந்தாநாள் நாயகி அதைப் பழைய சேலையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். அவளுக்கே இப்போது அறுபது தாண்டிவிட்டது. சட்டமும் பலகையும் செல்லரித்துப்போயிருக்கின்றன. "ரெண்டு மூணு நாள்ல கடையில குடுத்துப் பின்பலகைய மாத்திடலாம் சித்தி, நானும் கூடப் போறேன். இத்தன வருஷத்துல அம்மாவோட முதுகப் பாத்ததே இல்ல" என்று சொல்லிச் சிரித்தாள்.

கடைக்காரர் பலகையை எடுப்பார். அவள் குனிந்து பார்ப்பாள். நான் எழுதி மூடியது இமைக்காமல் அவளைப் பார்க்கும். அதற்கு முன்னால் என் வாயால் சொல்ல வேண்டும். வாயால் சொல்லப் போனால் வேறு பேச்சுக்குத் தாவிவிடுகிறேன். அதனால்தான் எழுதினேன்.

மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் அவள் கொடுத்துவிடுவாள். அப்படிப்பட்ட பெண் அவள். கொடுத்தாலும் அந்தக் கண்கள் படத்தில் முன்னால்தான் இருக்கும். நாளைக்கு அவள் எதைப் பார்த்து அம்மா என்று கூப்பிடுவாள்?

வசந்தி, நீ நாயகி வயிற்றுப் பிள்ளை. இதை நீதான் எனக்குப் படித்துக் காட்ட வேண்டும். விளங்காத இடத்தில் நிறுத்திக் கேள், ஆனால் எதையும் விட்டுவிட்டுப் படிக்காதே. உன் அம்மா கூடத்தில் உட்கார்ந்து பூத் தொடுத்துக்கொண்டிருக்கிறாள். கதவைச் சாத்த வேண்டாம். சத்தமாகவே படி.